நர்ஸம்மாவின் மகள் எங்களை அளந்த நாட்கள்

நெஞ்சில் கட்டுகிற அந்தக் கறுப்புப் பட்டையைத் தண்ணீரில் நனைத்த பிறகே கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் துடிப்பை எடுக்காது என்று நர்ஸம்மாவின் மகள் சொன்னாள். தை மாதத்துக் காலை. மிளகுக் கொடி ஏறிய மரங்களிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, பட்டையை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனேன். ஈரம் நெஞ்சில் பட்டதும் என்னையறியாமல் ஒரு சத்தம் போட்டுவிட்டேன். "ஏனுங்க பாப்பா, மச்சானுக்கு ஊசி கீசி போட்டுட்டீங்களா? மரத்துக்குப் பொறத்தால நின்னு அழுவறாப்லயே" என்று என் மச்சினன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்து, "அண்ணா, உங்க நெஞ்சு இப்பவே ஓடுது, இன்னும் மூட்டையே தூக்கலையே" என்றாள். அது கூச்சத்தால் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை.

நர்ஸம்மா தெற்குச் சீமையிலிருந்து வேலைக்கு எங்கள் மலைக்கு வந்தவர். எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலேயே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் மகளோடு இருந்தார். அவர் ஊசி போடாத குழந்தை எங்கள் பக்கத்தில் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஓட்டப் பந்தயங்களில் ஜெயித்தவள். பிறகு முழங்காலில் ஏதோ ஒரு நார் அறுந்து, ஓட்டம் நின்றுபோனது. தன்னைப் போலவே நர்ஸ் படிப்புப் படிக்கட்டும் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு படிப்பைச் சேர்த்து ஒன்றாகப் படிக்கிற ஒரு பட்டத்துக்குச் சேர்ந்தாள். ஒரு பாதி உடற்பயிற்சி அறிவியல். மறுபாதி விளையாட்டு வணிகம். அந்த வீட்டுக்குத் தினமும் பால் ஊற்றுகிறவன் நான். விடுமுறையில் அவள் வந்திருந்தால் மேஜையில் இரண்டு அடுக்காகப் புத்தகம் இருக்கும். ஓர் அடுக்கின் மேலே தோலை உரித்த மனிதனின் படம், சிவப்பும் வெள்ளையுமாக நரம்பும் சதையும் தெரிய நிற்கும். இன்னோர் அடுக்கின் மேலே கோட்டுப் போட்ட ஆட்கள் கைகுலுக்குகிற படம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவன் நான். இந்த இரண்டையும் ஒரே பெண் எப்படிப் படிக்கிறாள் என்று, பாலை அளந்து ஊற்றும்போதெல்லாம் அந்தப் புத்தகங்களையே பார்ப்பேன்.

கடைசி வருஷத்தில் இரண்டு பாதிக்கும் பொதுவாக ஓர் ஆராய்ச்சி செய்து கொடுக்க வேண்டும் என்று எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு வந்தாள். சுமை தூக்கி மேட்டில் ஏறுகிறவர்களின் நெஞ்சும் காலும் எப்படி வேலை செய்கின்றன என்று அளப்பது ஒரு பாதி. அதை வைத்து மலையில் ஒரு பந்தயம் நடத்தத் திட்டம் போடுவது மறுபாதி. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஒற்றையடிப் பாதையில் ஓட வருவார்கள், எங்கள் ஆட்களும் மூட்டையோடு அவர்களுக்குச் சமமாக ஏறுவார்கள், பார்க்கக் கூட்டம் வரும், ஊருக்கும் வருமானம் வரும் என்றாள்.

மச்சினனுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படீன்னா ஓடறதுக்கு ஒரு படிப்பு, ஓட வெச்சு யாவாரம் பண்றதுக்கு ஒரு படிப்புங்களா?"

"அதேதாண்ணா. எங்க சார்கூட இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்லை" என்றாள்.

என் மாமன், அதாவது என் மனைவியின் அப்பா, அறுபதைத் தாண்டியவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "ஏங் கண்ணு, நடக்கறதுல என்ன இருக்குதுன்னு அளக்கற? காலு இருக்குது, மேடு இருக்குது, நடக்கறோம்."

"அந்த மேட்டுல எனக்கு வெறும் கையோட ஏறவே மூச்சு வாங்குது தாத்தா. உங்களுக்கு ஏன் வாங்கலைன்னு தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது. அளந்துக்கோ என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் எங்களுக்குச் சரி.

எங்கள் பாதையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. லாரி நிற்கிற ரோடு மேலே. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் நடக்கிற தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. அதில் சுமையோடு முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவர் தாண்டமாட்டார். வயதில் மூத்தவர் முதலில் நடப்பார், மற்றவர்கள் அவர் காலடியைப் பார்த்தே நடப்போம். தாண்டியே ஆக வேண்டும் என்றால் "வழி" என்று கேட்க வேண்டும். முன்னால் போகிறவர் பாறையை ஒட்டி மூட்டையை இறக்கி வைத்து நிற்பார். ஆனால் ஒருமுறை வழி கேட்கப்பட்டவர் அதற்குப் பிறகு சுமை எடுக்கமாட்டார். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, அப்படியே நடந்து வருகிறது. என் அப்பாவிடம் அவருடைய சொந்தத் தம்பி வழி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து அப்பா மாடு மேய்க்கப் போனார். சித்தப்பாவோடு அவர் சண்டை போடவில்லை. மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை மட்டும் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அவள் மூன்று நாள் அளந்தாள். மாமன், நான், மச்சினன், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பி இருவர் என்று ஐந்து பேர். ஐந்து மூட்டைகளையும் தராசில் தொங்கவிட்டு, கூடுதலாக இருந்ததில் ஒரு பிடி மிளகை எடுத்து, குறைந்ததில் போட்டு, ஒரே எடையாக்கினாள். கீழே அவளுடைய தோழி ஒருத்தி விசில் ஊதுவாள், மேலே ரோட்டில் இவள் கடிகாரத்தோடு நிற்பாள். எங்களை ஒன்றாகவே கிளப்பினாள். எங்கள் வழக்கப்படி மாமன் முன்னால், அவருக்குப் பின்னால் நான், மற்றவர்கள் என் பின்னால். மூன்று நாளும் ஒருவர் முதுகை ஒருவர் தொடுகிற மாதிரி ஒரே வரிசையாகப் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாளும் ஒரே நேரம்.

"பார்த்தியா கண்ணு, மெஷினாட்டம்" என்று மாமன் பெருமைப்பட்டார். அவளோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள். நெஞ்சுத் துடிப்பில்தான் அவளுக்குச் சந்தேகம். அறுபது வயதுக்காரருக்கு எல்லோரையும் விடக் குறைவாகவும், எனக்கு எல்லோரையும் விடக் கூடுதலாகவும் காட்டியது. பட்டைகள் மாறிப்போயிருக்கும் என்று இரண்டாம் நாள் எங்கள் இருவர் பட்டையையும் மாற்றிக் கட்டினாள். அப்போதும் அப்படியே காட்டியது. மெஷின் கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, யாரும் எதிர்பாராமல் ஒரு வாரத்தின் நடுவில் வந்து இறங்கினாள். மறுநாள் காலை நான் பால் கொண்டு போனபோது உள்ளே அம்மாவும் மகளும் பேசுவது கேட்டது. கதவருகே கேனோடு நின்றுவிட்டேன்.

"அஞ்சு பேருக்கும் மூணு நாளும் எப்படி ஒரே நேரம் வரும், வீட்ல உக்காந்து எழுதினியான்னு சார் கேட்டார்ம்மா. வகுப்புல எல்லார் முன்னாடியும்."

"நீ என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வாயே வரல."

"அளந்தேன் சார்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"வரலம்மா."

பிறகு அவளே சொன்னாள். இன்னொரு தடவை அளந்து அடுத்த வாரத்துக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் இப்படியே வந்தால் பொய்க் கணக்கு என்று எழுதி ஆராய்ச்சியைத் தள்ளிவிடுவார்கள். பட்டம் கிடையாது. ஐந்து வருஷப் படிப்பும் அங்கேயே நின்றுவிடும். எங்கே தப்பு என்றே தெரியவில்லை என்று சொல்லி அழுதாள்.

எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும். நாங்கள் யாரும் எங்கள் நடையை நடக்கவில்லை. மாமனுடைய நடையை நடந்தோம். அதைச் சொன்னால் போதும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தோடு வந்தாள். "என்னண்ணா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, பாலைக் கொஞ்சம் கீழே சிந்தி ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் புள்ள அழுவுது, நீங்க ஒண்ணுமில்லீங்கன்னுட்டு வந்தீங்களாக்கும்? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று சத்தம் போட்டாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவளே, "இருங்க. என்னன்னு சொல்லுவீங்க? எங்கப்பன் மெதுவா நடக்கறாரு, நாங்க அவருக்காகக் காத்துக்கிட்டு நடக்கறோம்னா?" என்றாள். "அது காகிதத்துல ஏறுமில்ல? நாளைக்கு ஊருக்கே தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு மிளகு புடைக்கப் போய்விட்டாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் திரும்பவும் ஐந்து பட்டை, ஐந்து மூட்டை. அந்தப் பெண் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. புதுக் கடிகாரம் கொண்டு வந்திருந்தாள். கடிகாரத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறாள், பாவம். விசில் ஊதியது. மாமன் முன்னால் நடந்தார், நான் பின்னால். அவருடைய குதிகால் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே பாதி மேடு ஏறினேன். இன்னும் இரண்டு திருப்பம் போனால் ரோடு வந்துவிடும், அதே நேரம் வந்துவிடும், அவள் கதை முடிந்துவிடும். அப்போது என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னதாக நினைவு.

"வழிங்க, மாமா."

அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பாறையை ஒட்டி மூட்டையை இறக்கினார். பின்னால் மச்சினன், "மச்சான், என்ன பேசறீங்க?" என்றான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. மாமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"போங்க மாப்ள. போங்க சாமி" என்றார்.

மீதி மேட்டை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். மேலே அவள் என்னைத் தனியாகப் பார்த்ததும் பயந்துபோய், "யாருக்காவது என்ன ஆச்சு?" என்றாள். மூட்டையைப் போட்டுவிட்டுச் சொன்னேன். தாண்டமாட்டோம் என்பதை, வழி கேட்பதை, என் அப்பாவை, இப்போது நான் செய்துவிட்டு வந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதற்கு முன்பு இல்லை. அவள் பாதி கேட்டபோதே கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி, நொண்டுகிற முழங்காலோடு பாதையில் இறங்கி ஓடினாள். நான் பின்னாலேயே போனேன்.

மாமன் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சும்மாட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் மூட்டையை இறக்காமலே சிலை மாதிரி நின்றார்கள்.

"தாத்தா, தப்பு என்னுதுதான். உங்க அஞ்சு பேரையும் நான் ஒண்ணாக் கிளப்பினது தப்பு. ஒருத்தர் போய்ச் சேந்த பெறகு அடுத்தவர்னு அனுப்பியிருக்கணும். எனக்காக இன்னொரு தடவை கீழேயிருந்து நடங்க. தனியா. முன்னாலயும் யாரும் வேண்டாம், பின்னாலயும் யாரும் வேண்டாம்."

"வழி கேட்டாச்சு கண்ணு" என்றார் அவர்.

"வழி அவர் கேக்கல. நான் கேட்டேன். என் படிப்பு கேட்டுச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடித்த துணியை உதறி, திரும்பச் சுருட்டித் தலையில் வைத்து, மூட்டையோடு கீழே இறங்கினார். எங்கள் ஊரில் வழி கேட்கப்பட்ட பிறகு மறுபடி சுமை எடுத்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் மேலே ரோட்டுக்குப் போய் நின்றோம். கீழே விசில் கேட்டது. மச்சினன் என் பக்கமே பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்ததற்கு ரொம்ப முன்னாலேயே திருப்பத்தில் அவருடைய வெள்ளைத் துண்டு தெரிந்தது. அறுபது வயது மனிதர் மூட்டையோடு, கோயிலுக்குப் போகிற மாதிரி சாவகாசமாக, ஆனால் நாங்கள் யாரும் கண்டிராத வேகத்தில் வந்துகொண்டிருந்தார். அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துவிட்டு, "தாத்தா!" என்று கத்தினாள். முன்பு அளந்த நேரத்தில் கால்வாசி குறைந்திருந்தது. நெஞ்சுத் துடிப்பு அப்போதும் எங்கள் எல்லோரையும் விடக் குறைவு. மெஷினில் கோளாறே இருக்கவில்லை.

"இவ்வளவு வேகம் வெச்சுக்கிட்டு ஏன் தாத்தா தினமும் மெதுவா நடந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பொறத்தால மாப்ளைக்கு மூச்சு எரைக்கறது காதுல உழுகுது. உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

அங்கே எழுந்த சிரிப்பு பள்ளம் வரைக்கும் கேட்டிருக்கும். மச்சினன் ரோட்டில் உட்கார்ந்தே சிரித்தான். அவர் மெதுவாக நடக்கிறார் என்று நாங்கள் பொறுத்துப் போனோம். என்னால் முடியவில்லை என்று அவர் பொறுத்துப் போயிருக்கிறார். இப்படி எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. அன்று மற்ற நான்கு பேரும் தனித்தனியாக நடந்தோம். ஐந்து பேருக்கும் ஐந்து விதமான நேரம் வந்தது. கடைசி நான்.

கிளம்பும் முன் அவள் பட்டைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "முதல் நாளே உங்களுக்குத் தெரியுந்தானேண்ணா? ஏன் சொல்லல?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "விடுங்க. சார் கேட்டப்ப நான்கூட ஒண்ணும் சொல்லலையே" என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியவில்லை.

சித்திரையில் ஒரு சந்தை நாள். செம்மேட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அவளுடைய ஆசிரியர். ஆராய்ச்சியில் எழுதியிருப்பது நிஜமா என்று கேட்க என் நம்பரை அவளிடம் வாங்கியதாகச் சொன்னார். பஸ் சத்தம், கூட்டத்தின் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்னால் போய் நின்று, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நிஜமாகவே தாண்டமாட்டீர்களா, பந்தயம் வைத்துப் பரிசு கொடுத்தாலுமா என்று கேட்டார். "சுமையிருந்தா தாண்டமாட்டோமுங்க சார். அந்தப் புள்ள வூட்ல உக்காந்து எழுதுல. அளந்துது. தப்பு எங்குளுதுங்க" என்றேன். பிறகு, "நன்றிங்க" என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து நர்ஸம்மா பால் வாங்கும்போது, மகள் பாஸ் என்று சொல்லி என் கையில் ஒரு கேக் பொட்டலத்தைத் திணித்தார்.

நர்ஸம்மா இப்போது மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். எங்கள் மிளகுப் பாதையில் இன்னும் மாமன்தான் முன்னால் நடக்கிறார். அவர் எனக்காக மெதுவாக நடக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மகள் நகரத்தில் ஓட்டப் பந்தயங்கள் நடத்துகிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். போன வருஷம் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். பந்தயம் வாசலூர்பட்டி ஏரிப் பக்கம், தார் ரோட்டில். தண்ணீர்க் கோப்பை கொடுக்கிற மேஜையில் என்னையும் மச்சினனையும் நிறுத்தியிருந்தாள். விதவிதமான நிறத்தில் பனியன் போட்டவர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடினார்கள். முந்தியவரும் சிரித்தார், பின்தங்கியவரும் சிரித்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

"பாப்பா, நம்ம பாதையில வெக்கறதாத்தானே மொதல்ல சொன்னீங்க? மூட்டையோட எங்களையும் ஓட உடறேன்னீங்க?" என்று மச்சினன் கேட்டான்.

அந்தத் திட்டத்தை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டதாகச் சொன்னாள். வணிகப் பாதியைப் பார்க்கிற ஆசிரியருக்குக் கோபம். கூட்டம் சேர்க்கிற விஷயமே அது ஒன்றுதான், அதைப் போய் எடுப்பாயா என்று திட்டினாராம். மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டாராம்.

"எழுந்து நின்னு சொன்னேண்ணா. அது அவங்க தினமும் வேலைக்குப் போற வழி சார், அதுல யாரும் யாரையும் முந்தக் கூடாதுன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு நீட்டக் கோப்பையில் தண்ணீரை ஊற்றினாள்.